ஸ்கானர் சுணங்கினால் எங்கே பார்ப்பது? வாகனம், இணைப்பு, ரப் என ஒவ்வொன்றாகச் சோதிக்கும் முழுமையான வழிகாட்டி

காங்கேசன்துறை வீதியிலும் சரி, கொடிகாமத்திலும் சரி, கராஜ்களில் இந்தக் காட்சியைக் காணலாம். ரொயோட்டா அக்குவா ஒன்றின் ஓபிடி சொக்கெற்றில், வாகனத்தின் பிழைகளை வாசிக்கும் ஸ்கானரின் பிளக் குத்தியாயிற்று. முழு ஸ்கான் 14 வீதத்தில் நின்று அசைய மறுக்கிறது. வாகனக்காரர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். அடுத்தது, ஸ்கானரின் திரையான ரப்பை (ரப்லெற்) முழுதாக அழித்து ரீசெற் செய்வார்கள், அல்லது புது ஸ்கானருக்கு விலை கேட்பார்கள். முதலாவது பல வேளைகளில் பலன் தராது. இரண்டாவதில் காசு போகும், புது ஸ்கானரும் அதே 14 வீதத்தில் நிற்கும்.

ஸ்கானர் சுணங்குவது ஒரு நோயல்ல. வாகனத்தின் உள்வயர், பிளக்குக்கும் திரைக்கும் இடையிலான இணைப்பு, திரையைத் தாங்கிய ரப் அல்லது மடிக்கணினி ஆகிய மூன்றில் ஏதோ ஒன்றில் நேரம் போகிறது. எதில் போகிறது என்று அளந்து பார்க்காமல் எதையும் மாற்ற வேண்டாம். அளப்பதற்கு கால் மணித்தியாலம் போதும்.

வேண்டியவை இவை: டிஜிற்றல் மல்ரிமீற்றர், கொன்ராக்ட் கிளீனர் ஸ்பிரே, மென்மையான சிறு தூரிகை, ஸ்கானரோடு வந்த சொந்த யூஎஸ்பி கேபிள், 13.5 வோல்ற் அளவில் நிலையாகத் தரக்கூடிய பற்றறி சார்ஜர், ஃபோனிலுள்ள நிறுத்தற்கடிகாரம். இன்னொன்று, முன்பு இதே ஸ்கானரில் நன்றாக வேலை செய்த வேறொரு வாகனம். ஒப்பிட வேறொரு வண்டி இல்லாவிட்டால் அளவுக்கு அர்த்தம் இல்லை.

முதல் வேலை: நாலு நேரத்தை எழுதுங்கள்

1. வாகனத்தில் குத்தாமல் ரப்பை அணைத்துப் போட்டு, முகப்புத் திரை வரும்வரை எடுக்கும் நேரம்.
2. விசிஐ எனப்படும் பிளக் பெட்டியை வாகனத்தில் குத்தியதிலிருந்து ரப் அதனோடு இணையும்வரை எடுக்கும் நேரம்.
3. முழு ஸ்கான் வேண்டாம். எஞ்சின் ஈசியூவை (எஞ்சினை ஆளும் கணினிப் பெட்டி; ஏபிஎஸ், ஏர்பாக் போன்றவற்றுக்கும் தனித்தனியே உண்டு) மட்டும் திறந்து, பிழைக் குறியீடு வாசிக்க எடுக்கும் நேரம்.
4. எஞ்சின் சுற்று வேகம், கூலன்ற் வெப்பம், வாகன வேகம், பற்றறி வோல்ற் என நாலே நாலு லைவ் டேற்றாவை (வாகனம் அந்தந்தக் கணத்தில் தரும் அளவுகள்) திறந்து, இலக்கங்கள் எவ்வளவு வேகமாக மாறுகின்றன என்ற கணிப்பு.

இதை இரண்டு வாகனத்திலும் செய்யுங்கள். முதலாவது நேரம் நீண்டால் பிழை ரப்பில். அதில் வாகனத்துக்குப் பங்கே இல்லை. இரண்டாவது நீண்டால் புளுடூத், கேபிள் அல்லது விசிஐக்கு வரும் கரண்ட். மூன்றாவது ஒரு வாகனத்தில் மட்டும் நீண்டால் அந்த வாகனம். மூன்றும் சரியாக இருந்து முழு ஸ்கான் மட்டும் இழுபட்டால், மெனுவில் தெரிவு செய்த வாகனம் பிழை, அல்லது பதில் தராத ஈசியூ ஒன்று இருக்கிறது. அப்போது ஸ்கான் எந்தப் பெயரில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏபிஎஸ், ஏர்பாக், மீற்றர் என்று திரையில் ஓடும் பெயர்களில் எதில் நிற்கிறதோ அதுதான் துப்பு.

வாகனமே மெதுவாகக் கதைக்கிறதா?

இதைத் தெரியாமல் ஸ்கானரைத் திட்டுபவர்கள் பலர். இப்போதைய வாகனங்களின் ஈசியூக்கள் கான் பஸ் எனப்படும் இரட்டை வயர் வழியாகக் கதைக்கின்றன. எஞ்சின் பக்கத்தில் அதன் வழமையான வேகம் செக்கனுக்கு 500,000 பிற். பழைய கே-லைன் என்ற ஒற்றை வயர் முறையில் அது செக்கனுக்கு 10,400 பிற் மட்டுமே, ஏறத்தாழ 48 மடங்கு குறைவு. கே-லைனில் சில வாகனங்களை எழுப்புவதற்கே செக்கனுக்கு 5 பிற் என்ற வேகத்தில் ஒரு முகவரி அனுப்ப வேண்டும். 10 பிற் போக 2 செக்கன். முதல் முயற்சி தவறினால் இன்னொரு 2 செக்கன், நடுவில் ஓய்வு வேறு. அதன் பின்பும் ஒரு பதில் வந்து அடுத்த கேள்வி அனுப்ப முன் குறைந்தது 55 மில்லிசெக்கன் காத்திருக்க வேண்டும் என்பது அந்த முறையின் விதி.

ஆகவே கே-லைன் வாகனத்தில் ஒரு தரவுக்கு 100 மில்லிசெக்கனுக்கு மேல் போவது இயல்பு. 20 தரவை ஒன்றாகத் திறந்தால் ஒரு சுற்று முடிய 2 செக்கனைத் தாண்டும். எந்த விலையுயர்ந்த ஸ்கானரும் இதை மாற்றாது.

எந்த முறை என்று அறிய சொக்கெற்றைப் பாருங்கள். 16 முனைகளில் 6ஆம், 14ஆம் முனைகளில் உலோகம் இருந்தால் பெரும்பாலும் கான் உண்டு. அவை வெறுமையாக இருந்து 7ஆம் முனையில் உலோகம் இருந்தால் கே-லைன். அமெரிக்காவில் 2008 மாடல் ஆண்டிலிருந்து கான் கட்டாயம். ஜப்பானிலிருந்து வந்த வண்டிகளில் ஆண்டை வைத்து முடிவெடுக்க வேண்டாம், முனைகளை வைத்து முடிவெடுங்கள். பம்பும் நொசிலும் மட்டும் உள்ள பழைய டொல்பின் ஹயஸ் டீசலுக்கும், இன்னமும் ஊரில் ஓடும் ஒஸ்ரின் ஏ40க்கும் ஸ்கானரால் வேலையே இல்லை.

பற்றறி: அதிகமாகத் தவறவிடப்படும் காரணம்

விசிஐக்கு உயிர் தருவது சொக்கெற்றின் 16ஆம் முனை. பற்றறி வோல்ற் இறங்கினால் விசிஐ அணைந்து அணைந்து எழும்பும், புளுடூத் அறுந்து மீண்டும் இணையும். திரையில் அது “சுணங்குது” என்றுதான் தெரியும். வாகனத்தின் ஈசியூக்களும் வோல்ற் குறைந்தால் பதிலைத் தவறவிடும். ஸ்கானர் அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கும்.

திறப்பை நிறுத்தி, வாகனம் சில மணித்தியாலம் ஓய்ந்திருந்தபின் பற்றறி முனைகளில் அளந்தால் 12.6 வோல்ற் நிறைந்தது, 12.4 முக்கால்வாசி, 12.2 பாதி. பாதிக்குக் கீழே இருந்தால் ஸ்கான் தொடங்க வேண்டாம். முதலில் சார்ஜ். 12.4 இருந்தும் திறப்பை ஓன் செய்ததும் 12க்குக் கீழே விழுந்துகொண்டே போனால், சார்ஜரை மாட்டியபடி ஸ்கான் செய்யுங்கள்.

ஹைபிரிட் வண்டிகளில் இது இரட்டிப்பு முக்கியம். அக்குவா, பிறியஸ் போன்றவற்றின் 12 வோல்ற் பற்றறி பெரும்பாலும் பின்பக்கத்தில் இருக்கும், அளவிலும் சின்னது. பிரேக்கை மிதிக்காமல் பவர் பட்டனை இரண்டு தரம் அழுத்தி வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் ஸ்கான் செய்தால் அந்தச் சின்னப் பற்றறி ஒன்றே எல்லாவற்றையும் சுமக்கும். நீண்ட சோதனைக்குக் கியரை பியில் போட்டு, கைப்பிரேக் இழுத்து, பிரேக்கை மிதித்து ரெடி நிலைக்குக் கொண்டுவாருங்கள். அப்போது பெரிய பற்றறியிலிருந்து 12 வோல்ற் பக்கத்துக்கு 14 வோல்ற் அளவில் சார்ஜ் வரும். ரெடி நிலையில் எஞ்சின் எந்த நேரமும் தானாக ஸ்ராட் ஆகும். பொனெற்றுக்குள் கை வைக்க வேண்டாம், மூடிய கொட்டகைக்குள் இதைச் செய்யவும் வேண்டாம்.

அடுத்தது, பற்றறியில் உள்ள வோல்ற் சொக்கெற்றுக்கு வந்து சேர்கிறதா? ஸ்கானர் ஓடும்போதே பார்க்க வேண்டும். சும்மா இருக்கும் வயரில் குறை தெரியாது. 16ஆம் முனைக்கும் பற்றறி பிளஸுக்கும் இடையே மீற்றரை வைத்தால் 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டக்கூடாது. 4ஆம் முனைக்கும் பற்றறி மைனஸுக்கும் இடையிலும் அப்படியே. பிளஸ் பக்கம் விழுந்தால் ஃபியூஸையும் அதன் பிடியையும் பாருங்கள். மைனஸ் பக்கம் என்றால் பொடியில் பூட்டிய ஏர்த் போல்ற்றைக் கழற்றி, துரு சுரண்டி, இறுக்குங்கள்.

சொக்கெற்: கடற்காற்றும் செம்மண்ணும்

குருநகர், காரைநகர், வல்வெட்டித்துறைப் பக்கம் நிற்கும் வண்டிகளின் சொக்கெற்றில் பச்சைக் களிம்பு பிடிக்கும். சுன்னாகம், கோப்பாய்ப் பக்க வண்டிகளில் செம்மண் புழுதி போய் அடையும். இரண்டும் தொடுகையைக் கெடுக்கும். கொன்ராக்ட் கிளீனரை முனைகளுக்குள் அடித்து, தூரிகையால் துடைத்து, பத்து நிமிடம் காயவிடுங்கள். உப்புத்தாள் வேண்டாம். முனையின் பூச்சு போனால் அடுத்த மழைக்காலத்துக்குள் மறுபடி களிம்பு பிடிக்கும்.

களிம்பைவிட அதிகமாகக் காண்பது விரிந்த முனைகள். மல்ரிமீற்றரின் தடித்த ஊசியை நேரே சொக்கெற்றுக்குள் குத்தி அளக்கும் பழக்கமே காரணம். ஒருக்கா விரிந்தால் ஸ்கானர் பிளக் சற்று அசைந்தாலே தொடுகை விட்டுப்போகும். அளக்க வேண்டுமானால் பின்பக்கத்து வயர் ஓரமாக மெல்லிய ஊசியை விடுங்கள், அல்லது முனைகளை வெளியே எடுத்துத் தரும் பிறேக்அவுட் பெட்டியைப் பாவியுங்கள். சோதிக்க ஒரு சுலப வழி: ஸ்கான் ஓடும்போது பிளக்கை மெதுவாக மேலும் கீழும் அசையுங்கள். வேகம் கூடிக் குறைந்தாலோ அறுந்தாலோ பிழை அங்கேதான்.

கான் வயர்: 60 ஓம்

6ஆம், 14ஆம் முனைகளுக்கு இடையே 60 ஓம் வர வேண்டும். வயரின் இரு அந்தத்திலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருக்கிறது. இரண்டும் சமாந்தரமாக நிற்பதால் 60. மீற்றர் 120 காட்டினால் ஒரு தடைக்குப் போகும் வழி அறுந்திருக்கிறது. 60க்கு நன்றாகக் கீழே என்றால் யாரோ எதையோ கூட்டியிருக்கிறார்கள். பூச்சியத்துக்குக் கிட்ட என்றால் இரு வயரும் ஒன்றையொன்று தொடுகின்றன. இடையில் கேற்வே பெட்டி (சொக்கெற்றுக்கும் உள்வயர்களுக்கும் நடுவில் நின்று தகவலைக் கடத்தும் பெட்டி) உள்ள வண்டிகளில் இந்த அளவு கேற்வே வரைக்கும் உள்ள வயரைப் பற்றி மட்டுமே சொல்லும். அதற்கு உள்ளே உள்ள கான் வயர்களைத் தனித்தனியே அளக்க வேண்டும்.

பாடப்புத்தகப்படி பற்றறி மைனஸைக் கழற்றிவிட்டுத்தான் இதை அளக்க வேண்டும். இங்கே அதைச் செய்ய முன் யோசியுங்கள். ஜப்பானில் பூட்டி வந்த ரொயோட்டா நவிகேஷன் செற்கள் பல, பற்றறி கழன்றதும் பூட்டிக்கொள்ளும், திறக்க இரகசிய இலக்கம் கேட்கும். வாகனக்காரரிடம் அந்த இலக்கம் இருக்காது. பிறியஸில் பற்றறியைக் கழற்றி டிக்கியை மூடினால் டிக்கி மின்சாரத்தில் திறக்காது. செற் பூட்டும் என்று சந்தேகம் இருந்தால் திறப்பை எடுத்து, கதவெல்லாம் மூடி, கால் மணித்தியாலம் விட்டு, வண்டி உறங்கியபின் அளவுங்கள். அளவு கொஞ்சம் முன்பின் இருக்கலாம். 60க்கும் 120க்கும் வித்தியாசம் அப்போதும் தெளிவாகத் தெரியும்.

பிறகு திறப்பை ஓன் செய்து வோல்ற் பாருங்கள். பிளக்கின் 5ஆம் முனையை மைனஸாக வைத்து, 6இல் 2.5க்குச் சற்று மேலேயும் 14இல் 2.5க்குச் சற்றுக் கீழேயும் காட்ட வேண்டும். ஒன்று பூச்சியத்திலோ 12 வோல்ற்றிலோ நின்றால் அந்த வயர் பொடியிலோ பிளஸிலோ உரசுகிறது.

பிழை தெரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியவை பின்னர் பூட்டியவை: லீசிங் வண்டிகளில் ஒளித்து வைத்த ஜிபிஎஸ் ட்ரக்கர், அன்ட்ரொயிட் செற்றின் கான் பெட்டி, எலாம், சொக்கெற்றைப் பிரித்து எடுத்த ஸ்பிளிற்றர் கேபிள். ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு தரமும் மூன்றாவது நேரத்தைத் திரும்ப அளவுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றினால் குற்றவாளி எது என்று தெரியாமலே போகும். லீசிங் நிறுவனத்தின் ட்ரக்கரைக் கழற்ற முன் வாகனக்காரரிடம் சொல்லி அனுமதி எடுங்கள்.

மெனுவில் பிழையான வாகனம்

யாழ்ப்பாணத்து வண்டிகளில் பெரும்பகுதி ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்தவை. அவற்றில் 17 எழுத்து விஐஎன் எனும் வாகன அடையாள இலக்கம் இராது, சசி இலக்கம்தான் இருக்கும். ஸ்கானரின் ஓட்டோ விஐஎன் அந்த 17 எழுத்தைத் தேடி, கிடைக்காமல், ஒவ்வொரு முறையாக முயன்று தோற்கும். அந்த நேரம் முழுவதும் வீண். நேரே கைத்தெரிவுக்குப் போங்கள்: ரொயோட்டா, பிறகு ஜப்பான், பிறகு மாடல் குறியீடு. முதல் தலைமுறை அக்குவா என்றால் என்எச்பி10, மூன்றாம் தலைமுறைப் பிறியஸ் என்றால் இஸட்விடபிள்யூ30, முதல் ஃபிட் ஹைபிரிட்டை அடுத்து வந்த மாடல் ஜிபி5. பொனெற்றுக்குள் இருக்கும் தகட்டில் இது எழுதியிருக்கும்.

அக்குவாவை ஐரோப்பிய யாரிஸ் ஹைபிரிட் என்றோ அமெரிக்க பிறியஸ் சி என்றோ தெரிவு செய்தாலும் எஞ்சின் வாசிக்கும். அதனால்தான் பிழை பிடிபடுவதில்லை. அந்தச் சந்தை வண்டிகளில் உள்ள, ஆனால் இதில் இல்லாத ஈசியூக்களையும் ஸ்கானர் தேடும். இல்லாத ஒவ்வொன்றுக்கும் பதில் வராமல் காத்திருந்து, திரும்பக் கேட்டு, கடைசியில் கைவிடும். முழு ஸ்கான் இரண்டு நிமிடத்துக்குப் பதில் ஆறு நிமிடம் எடுப்பது பெரும்பாலும் இப்படித்தான். இந்தியாவில் செய்த அல்ரோ போன்றவற்றுக்கு மாருதி அல்லது இந்தியா மெனு, ஜப்பான் வகன் ஆருக்குச் சுசுகி ஜப்பான் மெனு.

பிளக்குக்கும் திரைக்கும் இடையில்

புளுடூத்தை விட்டு யூஎஸ்பி கேபிளில் அதே நாலு நேரத்தை அளவுங்கள். கேபிளில் வேகம் வந்தால் புளுடூத்தே காரணம். ரப்பில் ஏற்கெனவே சேமித்த பழைய புளுடூத் பெயர்களை அழித்து விசிஐயை மட்டும் புதிதாகச் சேருங்கள். புளுடூத்தும் வழமையான வைஃபையும் 2.4 கிகாஹெர்ற்ஸ் அலையில்தான் ஓடுகின்றன. ரூட்டருக்குப் பக்கத்தில் வைத்து ஸ்கான் செய்யாதீர்கள், ரப்பின் வைஃபையை 5 கிகாஹெர்ற்ஸுக்கு மாற்றுங்கள், அல்லது ஸ்கான் முடியும்வரை அணையுங்கள்.

சொக்கெற்றில் குத்தி ஃபோனோடு பாவிக்கும் மலிவான எல்ம்327 டொங்கிள்கள் தனி விடயம். சந்தையில் 1.5 பதிப்பு என்று எழுதி விற்பவை போலி. பல உள்ளே பழைய 1.0 மென்பொருளை வைத்துக்கொண்டு 1.5 என்று சொல்லும். எல்ம்327 கேள்வி ஒன்று கேட்டபின், வேறு ஈசியூ ஏதும் பதில் தருமோ என்று இயல்பாக 200 மில்லிசெக்கன் அளவு காத்திருக்கும். நல்ல சிப் பதில் வரும் வேகத்தைப் பார்த்து இந்தக் காத்திருப்பைத் தானே குறைத்துக்கொள்ளும். போலிகளில் இது ஒழுங்காக நடக்காது. ரோர்க் போன்ற செயலிகளில் டொங்கிள் அமைப்புக்குள் வேகமான தொடர்பு என்ற தெரிவு உண்டு, அதை ஓன் செய்யுங்கள். வாகன முறையைத் தானியங்கித் தேடலில் விடாமல், கான் 11 பிற் 500 என்று வண்டிக்கு உரியதைப் பூட்டி வையுங்கள். போலி சிப் வேகமான தொடர்பில் அறுந்தால் அந்தத் தெரிவை அணைத்துவிடுங்கள். அதற்கு மேல் அதிலிருந்து எடுக்க ஒன்றுமில்லை.

வைஃபை டொங்கிளில் இணையம் இராது. ஃபோன் அதைக் கண்டு மொபைல் டேற்றாவுக்குத் தாவும். ஸ்கான் நேரம் மொபைல் டேற்றாவை அணையுங்கள். முகவரி பெரும்பாலும் 192.168.0.10, போர்ட் 35000.

மடிக்கணினியில் ரொயோட்டாவின் டெக்ஸ்ட்ரீம் போன்ற மென்பொருட்களை எஃப்டிடிஐ என்ற யூஎஸ்பி சிப் உள்ள கேபிளோடு பாவிப்பவர்களுக்கு ஒரு திருத்தம் கட்டாயம் தெரிய வேண்டும். அந்தச் சிப் வரும் தரவைச் சேர்த்து வைத்து, தொகுதி நிரம்பும்போதோ 16 மில்லிசெக்கன் முடியும்போதோதான் கணினிக்குத் தள்ளும். ஈசியூவின் குறுகிய பதில்கள் தொகுதியை ஒருபோதும் நிரப்பாது. ஆகவே ஒவ்வொரு பதிலும் 16 மில்லிசெக்கன் வரை சும்மா காத்திருக்கும். வின்டோஸ் டிவைஸ் மனேஜரில் போர்ட்ஸ் பகுதியைத் திறந்து, அந்த யூஎஸ்பி சீரியல் போர்ட்டின் போர்ட் செற்றிங்ஸ், அட்வான்ஸ்ட் என்று போய், லேற்றன்ஸி டைமரை 16இலிருந்து 1 அல்லது 2 ஆக்குங்கள். கேபிளை வேறு யூஎஸ்பி துவாரத்தில் குத்தினால் வின்டோஸ் அதைப் புதுப் போர்ட்டாக எடுத்து மறுபடி 16க்குப் போகலாம். ஒரே துவாரத்தையே பாவியுங்கள்.

ரப்பின் பக்கம்

முதலாவது நேரம் நீண்டவர்களுக்கு இந்தப் பகுதி. சேமிப்பகம் நிரம்பிய அன்ட்ரொயிட் ரப் எதையும் மெதுவாகவே எழுதும். குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும். இடத்தைத் தின்பவை திரைப் பதிவுகள், பழைய அறிக்கைப் பீடிஎஃப்கள், ஒருபோதும் பாவிக்காத பிராண்ட் மென்பொருட்கள். ரொயோட்டா, ஹொண்டா, சுசுகி, நிசான், மிற்சுபிசி, டைஹற்சு, மஸ்டா, ஹியுண்டாய், கியா, மாருதி, ராரா, மஹிந்திரா இருந்தால் இங்குள்ள வேலையில் பெரும்பகுதி நடக்கும். அமெரிக்கப் பிராண்ட்களை வைத்துப் பயன் குறைவு.

அழிக்க முன் ஒன்றைப் பாருங்கள்: ஸ்கானரின் அப்டேற் சந்தா இன்னும் உயிரோடு இருக்கிறதா? சந்தா முடிந்தபின் அழித்த பிராண்டைத் திரும்ப இறக்க முடியாமல் போகலாம். முழு ரீசெற்றும் அதே ஆபத்துத்தான். சந்தா முடிந்த ரப்பை ரீசெற் செய்து வெறும் திரையோடு நிற்க வேண்டாம்.

சித்திரை, வைகாசி வெயிலில் டாஷ்போட்டில் வைத்த ரப் சூடேறும். சூடேறினால் அதன் செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். காலையில் நன்றாக ஓடி மத்தியானம் இழுபடும் ஸ்கானருக்கு வைத்தியம் நிழலும் காற்றாடியும். சார்ஜ் ஏற்றியபடி வெயிலில் பாவித்தால் இன்னும் கெடும்.

முகப்புத் திரையிலேயே நின்றால் வைஃபையை அணைத்துப் பாருங்கள். சில ஸ்கானர்கள் திறக்கும்போதே அப்டேற் தேடி, சிக்னல் குறைந்த இடத்தில் பதிலுக்குக் காத்திருக்கும். அப்டேற் எல்லாவற்றையும் இரவில், நல்ல இணைப்பில், ரப் முழு சார்ஜில் இருக்கும்போது போடுங்கள். ரப்பின் மென்பொருள் புதிதாகி விசிஐயின் உள்மென்பொருள் பழசாகவே நின்றாலும் இணைப்பு தள்ளாடும். விசிஐ அப்டேற் யூஎஸ்பி கேபிளில்தான், ஒருபோதும் புளுடூத்தில் வேண்டாம். கரண்ட் போனாலும் தடைப்படாதபடி விசிஐக்கு நிலையான 12 வோல்ற் இருக்க வேண்டும்.

லைவ் டேற்றா

நாலு தரவில் வேகமாக ஓடி, முழுப் பட்டியலைத் திறந்ததும் இழுபட்டால் பிழை ஒன்றுமில்லை. ஒவ்வொரு தரவும் ஒரு கேள்வி. கானில் பொதுவான ஓபிடி முறை ஒரே கேள்வியில் ஆறு தரவு வரை கேட்க இடம் தருகிறது. கே-லைனில் ஒவ்வொன்றாகத்தான். மிஸ்ஃபயர் (சிலிண்டர் ஒழுங்காக எரியாமை) தேடுகிறீர்களா, எஞ்சின் சுற்று, ஃபியூவல் ட்ரிம் (எரிபொருள் திருத்தம்) இரண்டு, எம்ஏஎஃப் அல்லது மப் (உள்ளே போகும் காற்றின் அளவு அல்லது அழுத்தம்), ஒட்சிசன் சென்சர் ஆகியவற்றை மட்டும் குறியிடுங்கள். ஹைபிரிட் பற்றறியின் தொகுதி வோல்ற்றுகளைப் பார்க்கும்போது எஞ்சின் தரவுகளை மூடிவிடுங்கள். கிராஃப் போடுவதும் ரப்புக்குச் சுமை, நாலுக்கு மேல் வேண்டாம்.

ஒரு வேலையை மட்டும் மெதுவான இணைப்பில் தொடவே கூடாது: ஈசியூவுக்கு மென்பொருள் எழுதுவது. வாசிப்பதில் அறுந்தால் திரும்ப வாசிக்கலாம். எழுதும் நடுவில் அறுந்தால் வண்டி ஸ்ராட் ஆகாமல் நிற்கும். நாலு நேரமும் சரியாகி, கேபிளில், சார்ஜர் மாட்டிய வண்டியில் மட்டும் எழுதுங்கள்.

எல்லாம் முடிந்தபின் அதே இரண்டு வண்டியிலும் நாலு நேரத்தையும் திரும்ப அளந்து, திகதியோடு ஒரு ஒட்டுத்தாளில் எழுதி ஸ்கானர் பெட்டியின் மூடியில் ஒட்டுங்கள். ஆறு மாதத்தில் யாராவது “ஸ்கானர் சுணங்குது” என்றால் அந்தத் தாளிலிருந்தே தொடங்கலாம். நல்ல வண்டியில், சுத்தமான சொக்கெற்றில், 13.5 வோல்ற்றில், வேறொரு கேபிளிலும் இரண்டாவது நேரம் மட்டும் குறையவே இல்லை என்றால் விசிஐ பழுதாகியிருக்கிறது. வாங்க வேண்டியது அது ஒன்றுதான், முழு ஸ்கானர் அல்ல.